தேர்ந்தெடுத்த சிலரின் மின்னஞ்சல் நகல்களைப் பொதுப் பெட்டிக்கு அனுப்புவது: போஸ்ட்ஃபிக்ஸ், டோவ்காட்

கேள்வி — 2025 ஜூலை 7

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருக்கிறேன். கணினி தெரிந்த ஆள் என்று அஞ்சல் சேவையகத்தையும் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். இயங்குதளம் உபுண்டு 24.04; அஞ்சலை அனுப்பவும் பெறவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளில் சேர்த்துப் படிக்கக் கொடுக்க டோவ்காட். கணக்கு, கொள்முதல், எடைப் பாலம் ஆகிய மூன்று மேசைகளில் இருப்பவர்களுக்கு வருகிற, அவர்கள் அனுப்புகிற எல்லா மின்னஞ்சலின் நகலும் ஒரே பொதுப் பெட்டியில் சேர வேண்டும் என்று நிர்வாகி கேட்கிறார். ஆல்வேஸ்_பிசிசி போட்டுப் பார்த்தேன். நிர்வாகியின் சொந்தக் கடிதங்கள் உட்பட அலுவலகம் முழுவதன் அஞ்சலும் அதில் வந்து விழுந்தது. மூவருக்கு மட்டும் எப்படிச் செய்வது? அந்த மூவருக்கும் இது தெரிய வேண்டாம் என்றும் சொல்கிறார்.

ஜூலை 7

கடைசி வரியைப் பற்றிப் பிறகு தனியாக எழுதுகிறேன். அது ஒரு வரியில் முடிகிற விஷயம் அன்று. முதலில் சேவையகத்தைப் பார்ப்போம்.

ஆல்வேஸ்_பிசிசி என்பது போஸ்ட்ஃபிக்ஸ் பெற்றுக்கொள்ளும் ஒவ்வோர் அஞ்சலுக்கும் ஒரு நகல் எடுத்து அனுப்பும் அமைப்பு. அதில் ஆள் தேர்வு கிடையாது. நீங்கள் கேட்பதற்கு வேறு இரண்டு அமைப்புகள் இருக்கின்றன: அனுப்புநரைப் பார்த்து நகல் எடுக்கும் சென்டர்_பிசிசி_மேப்ஸ், பெறுநரைப் பார்த்து நகல் எடுக்கும் ரெசிபியன்ட்_பிசிசி_மேப்ஸ். இரண்டும் போஸ்ட்ஃபிக்ஸ் 2.1 பதிப்பிலிருந்தே இருப்பவை. உங்கள் சேவையகத்திலும் கட்டாயம் இருக்கும். (நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதும் பெயர்களைக் கோப்பில் ஆங்கிலச் சிற்றெழுத்தில், அடிக்கோடுகளோடு அப்படியே எழுத வேண்டும்.)

ஒரு சாதாரண உரைக்கோப்பு எழுதுங்கள். வரிக்கு ஒரு முகவரி: இடப்பக்கம் கண்காணிக்க வேண்டியவரின் முழு முகவரி, இடைவெளி விட்டு வலப்பக்கம் பொதுப் பெட்டியின் முகவரி. அனுப்புநருக்கு ஒரு கோப்பு, பெறுநருக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பின்னால் ஒருவருக்கு வரும் அஞ்சலை மட்டும் நகலெடுக்க வேண்டும் என்ற நிலை வரும்போது கோப்பைப் பிரித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது. எழுதியபின் போஸ்ட்மேப் கட்டளையால் அதை அட்டவணையாக மாற்றி, போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பில் அந்த அட்டவணையைக் குறிப்பிட்டு, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்யுங்கள். ஆல்வேஸ்_பிசிசி வரியை முதலில் நீக்குங்கள். அது இருக்கும்வரை மற்ற இரண்டும் வேலை செய்கின்றனவா என்பதே தெரியாது.

மெயின்.சிஎஃப்பைத் தொடுவதற்கு முன்பே அட்டவணையைச் சோதிக்கலாம். போஸ்ட்மேப் கட்டளைக்கு க்யூ என்ற விருப்பத்தைக் கொடுத்து ஒரு முகவரியைக் கேட்டால், அது பொதுப் பெட்டியின் முகவரியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் கோப்பில் பிழை இருக்கிறது. அட்டவணைக்கு ஹேஷ் வகை உபுண்டுவில் கிடைக்கும். சில லினக்ஸ் வெளியீடுகள் அதற்கு அடிப்படையான பெர்க்லி டிபி என்ற தரவுத்தளத்தைக் கைவிட்டு எல்எம்டிபி (LMDB) என்ற வேறொன்றுக்குப் போய்விட்டன. உங்கள் சேவையகம் எந்த வகைகளை ஏற்கும் என்பதைப் போஸ்ட்கான்ஃப் கட்டளை எம் விருப்பத்தோடு பட்டியலிடும்.

ஜூலை 7, இரவு

எழுதி முடித்தபின் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது, சேர்த்துவிடுகிறேன்.

சென்டர்_பிசிசி_மேப்ஸ் பார்ப்பது அஞ்சலின் உறையில் உள்ள, அதாவது சேவையகங்கள் அஞ்சலைக் கைமாற்றும்போது சொல்லிக்கொள்ளும், அனுப்புநர் முகவரியை. கடிதத்தின் தலைப்பகுதியில் "அனுப்புநர்" என்று நம் கண்ணுக்குத் தெரியும் முகவரியை அது பார்ப்பதில்லை. பெரும்பாலான அஞ்சல்களில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் வேறுபாடு புலப்படாது. ஆனால் கணக்கு மேசையில் இருக்கிறவர் கணக்கு மென்பொருளிலிருந்தே பில் அனுப்புகிறார் என்று வையுங்கள். அந்த மென்பொருள் தன் சொந்தப் பயனர் பெயரை உறையில் போட்டு, தலைப்பில் மட்டும் அவர் முகவரியைக் காட்டும். நகல் வராது. ஸ்கேனர் இயந்திரம் அனுப்பும் அஞ்சலுக்கும் இதே கதிதான்.

இதைக் கண்டுபிடிக்க லாக் கோப்பே போதும். உபுண்டுவில் வார் லாக் அடைவில் மெயில்.லாக் என்ற கோப்பு. அதில் அஞ்சல் வரிசையைக் கவனிக்கும் க்யூ மேலாளர் எழுதும் வரியில் கூர்முனை அடைப்புக்குள் இருப்பதுதான் உறை முகவரி. கணக்கு மென்பொருளிலிருந்து ஒரு பில் அனுப்பச் சொல்லிவிட்டு அந்த வரியைப் பாருங்கள். அங்கே என்ன முகவரி இருக்கிறதோ அதையும் உங்கள் கோப்பில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

ஜூலை 9

மூவரின் அஞ்சல்கள் மட்டுமே இப்போது வருகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு இரண்டாக வருகின்றன என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். இது ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்வது. காரணம் தெரிந்துவிட்டால் மருந்து எளிது.

உங்கள் சேவையகத்தில் அமாவிஸ் போன்ற குப்பை அஞ்சல் வடிகட்டி இருக்கிறது என்று நினைக்கிறேன். போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சலைப் பெற்று வடிகட்டிக்குக் கொடுக்கிறது. பெரும்பாலும் 10024 ஆம் வாயிலில் (போர்ட்). வடிகட்டி அதைச் சோதித்து 10025 ஆம் வாயிலில் போஸ்ட்ஃபிக்ஸிடமே திருப்பித் தருகிறது. ஒரே அஞ்சல் இப்படி இரண்டு முறை உள்ளே வருவதால் இரண்டு முறையும் நகல் எடுக்கப்படுகிறது. வடிகட்டிக்கு முந்தைய சுற்றில் ரிசீவ்_ஓவர்ரைடு_ஆப்ஷன்ஸ் என்ற அமைப்புக்கு நோ_அட்ரஸ்_மேப்பிங்ஸ் என்ற மதிப்பைக் கொடுங்கள். அந்தச் சுற்றில் முகவரி மாற்றம், மாற்றுப்பெயர் விரிவு (ஒரு பொது முகவரிக்கு வருவதை உரியவர்களின் பெட்டிகளுக்குத் திருப்புவது), தானியங்கி நகல் மூன்றும் நிறுத்தப்பட்டு, வடிகட்டி திருப்பித் தரும்போது மட்டும் நடக்கும். இரண்டு இடத்திலும் அதைப் போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்டால் நகலும் வராது, மாற்றுப்பெயர் முகவரிகளுக்கு வருகிற அஞ்சலும் போய்ச் சேராது. அலுவலகத்தில் தொலைபேசி ஓயாமல் அடிக்கும்.

இதைத் தவிர இன்னொரு வகை இரட்டிப்பு உண்டு என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்கு மேசையிலிருந்து எடைப் பாலத்துக்குக் கடிதம் போனால், அனுப்புநர் அட்டவணையிலும் பெறுநர் அட்டவணையிலும் பெயர் இருப்பதால் இரண்டு நகல் வருமே என்பது அந்த எண்ணம். வராது. ஓர் அஞ்சலில் ஒரே பெறுநர் இரண்டு முறை சேர்ந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் ஒன்றை விட்டுவிடும்.

ஜூலை 10

மாற்றுப்பெயர் முகவரி பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். "அலுவலகம்" என்ற பொது முகவரிக்கு வரும் அஞ்சல் கொள்முதல் மேசைக்கும் போகிறது, ஆனால் அதற்கு நகல் வரவில்லை என்கிறார். முறைப்படியே நடந்திருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் நகல் பெறுநரைச் சேர்ப்பது மாற்றுப்பெயரை விரிப்பதற்கு முன்னால். அந்தக் கட்டத்தில் அதன் கண்ணில் படுவது "அலுவலகம்" என்ற முகவரி மட்டுமே. அதையும் பெறுநர் கோப்பில் ஒரு வரியாக எழுதினால் நகல் வரும்.

ஜூலை 12

இப்போது, மூவருக்கும் தெரிய வேண்டாம் என்ற அந்தக் கடைசி வரி.

தோட்டப்புறப் பட்டணங்களில் உள்ள சிறு அலுவலகங்களின் சேவையகங்களைப் பராமரிப்பதுதான் என் தொழில். இந்தக் கோரிக்கை என்னிடம் அடிக்கடி வரும். வருகிற ஒவ்வொரு முறையும் நான் முதலில் கேட்பது ஒன்றே: யாருக்கு, எதற்காக? பதில் பெரும்பாலும் நியாயமானதாகவே இருக்கும். எடைப் பாலத்தில் இருக்கிறவர் விடுப்பில் போய்விடுகிறார். லாரி செம்பனைக் குலையோடு வாசலில் நிற்கிறது. ஆலையிலிருந்து வந்த அஞ்சலில் எந்த வண்டி எத்தனை மணிக்கு என்ற விவரம் இருக்கிறது. அந்த அஞ்சலோ விடுப்பில் போனவரின் பெட்டிக்குள் இருக்கிறது. வெட்டிய குலை காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறும், விலை இறங்கும். குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேகவைத்துவிட வேண்டும் என்று தோட்டக்காரர்கள் துடிப்பது அதனால்தான். இந்த நிலையில் பொதுப் பெட்டி கேட்பவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்தத் தேவையில் எங்கேயும் "அவர்களுக்குத் தெரிய வேண்டாம்" என்பது இல்லை என்பதைக் கவனியுங்கள். வேலை தடைப்படக் கூடாது என்பதற்காக நகல் எடுப்பவர் அதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. மறைக்க விரும்புகிறவரின் நோக்கம் வேறு, அந்த நோக்கத்துக்கு வேறு நடைமுறை வேண்டும். ஓர் ஆளின் மீது சந்தேகம் இருந்தால் அதை விசாரணையாக நடத்த வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, எழுத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு. அதைத் தினசரி அஞ்சல் அமைப்பாகச் சேவையகத்தில் பூட்டி வைத்துவிட்டு மறந்துவிடுவது, அந்தச் சேவையகத்தைப் பார்த்துக்கொள்ளும் கிராணியின் தலையில் பெரும் பாரத்தை ஏற்றுவதாகும்.

மலேசியாவில் 2010 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 709, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 7 ஆம் பிரிவு, ஒருவருடைய தரவைக் கையாளுகிறவர் அதை எழுத்து மூலம் அவருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது; அந்த அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். 2024 இல் திருத்தம் வந்து, கடந்த ஏப்ரல் 1 முதல் சட்டத்தின் கோட்பாடுகளை மீறுவதற்கான தண்டனை 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று உயர்ந்திருக்கிறது. 1998 ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234 ஆம் பிரிவு, சட்ட அதிகாரமின்றித் தகவல் தொடர்பை இடைமறிப்பதையே குற்றம் என்கிறது. அலுவலகச் சேவையகத்தில் நகல் எடுப்பது அந்தப் பிரிவுக்குள் வருமா என்பது வழக்கறிஞர் சொல்ல வேண்டியது. அதை அவரிடம் கேட்க வேண்டியவர் நிர்வாகி, நீங்கள் அன்று. ஆனால் கட்டளையைத் தட்டப் போகும் கை உங்களுடையது. எழுத்தில் உத்தரவு இல்லாமல், ஊழியர்களுக்கு எழுத்தில் அறிவிப்பு இல்லாமல், அதைத் தட்டாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலை 12, பிற்பகல்

"கம்பெனி அஞ்சல் கம்பெனியுடையது, அதில் சொந்த விஷயம் எழுதுவது ஊழியரின் தவறு, பிறகு என்ன ரகசியம்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் அமைதியாக இல்லை.

லாரிகளை வைத்துத் தொழில் செய்யும் ஓர் அலுவலகத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சம்பளக் கணக்குப் பார்க்கும் பெண்ணின் அஞ்சல்கள் எல்லாம் பொதுப் பெட்டிக்கு நகலாகிக்கொண்டிருந்தன. அவருக்கு அது தெரியாது. ஓட்டுநர் ஒருவர் தம் எம்.சி. சீட்டை, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றை, படம் பிடித்து அவருக்கு அனுப்பியிருந்தார். பக்கத்து மேசைத் திரையில் அந்தச் சீட்டு பெரிதாகத் திறந்திருந்தது. எந்த வார்டு, என்ன நோய் என்பது வரை தெளிவாகத் தெரிந்தது. இரண்டு பேர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கையில் கோப்போடு அந்த மேசையைக் கடந்தபோது திரையைப் பார்த்தார், தம் பெயரைப் பெறுநர் வரியில் பார்த்தார், கோப்பை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஓட்டுநர் எந்தத் தவறும் செய்யவில்லை. எம்.சி.யை எங்கே அனுப்பச் சொன்னார்களோ அங்கேதான் அனுப்பினார். உடல்நலத் தகவல் என்பது சட்டம் 709 இல் தனிக் கவனம் பெறும் உணர்திறன்மிக்க தரவு. 40 ஆம் பிரிவு அதற்கென்றே இருக்கிறது.

ஊழியரின் ரகசியத்தை ஒருவர் விட்டுக்கொடுத்தாலும், அவருக்கு எழுதுகிறவர்களின் ரகசியத்தை யார் விட்டுக்கொடுப்பது? தோட்டத்துத் தொழிலாளி இபிஎஃப் சேமநிதிப் பணத்துக்காகவும் சொக்சோ காப்புறுதிக் கோரிக்கைக்காகவும் அடையாள அட்டை எண்ணோடு எழுதுகிறார். வங்கிக் கணக்கு எண்ணை அனுப்புகிறார். மகளின் திருமணத்துக்குச் சம்பள முன்பணம் கேட்டு எழுதுகிறார். அதெல்லாம் கிராணி ஒருவரை நம்பி எழுதப்பட்டவை.

ஜூலை 15

ஆட்சேபம் மட்டும் சொன்னால் போதாது. வழி சொல்ல வேண்டும். சில நாட்களாக யோசித்ததில், முதல் குறிப்பில் நான் தந்த முறையை அப்படியே வைத்துக்கொண்டு, இடப்பக்கம் எழுதும் முகவரியை மட்டும் மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும் என்று தோன்றுகிறது.

பழைய தோட்ட அலுவலகங்களில் பெரிய கிராணி தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள் வைத்துக் கடிதம் அடித்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நகல், அடித்த ஆளின் பெயரில் உள்ள கோப்புக்குப் போனதில்லை. உரம் என்றால் உரக் கோப்பு, லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பழுதுபார்ப்பு என்றால் லயக் கோப்பு. கிராணி மாறினாலும் கோப்பு மாறாமல் இருந்தது. நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

கணக்கு, கொள்முதல், எடை என்று வேலைப் பெயரில் மூன்று முகவரிகளை உருவாக்குங்கள். ஆலைக்கும் உரக்கடைக்கும் லாரிக்காரர்களுக்கும் இனி அந்த முகவரிக்கே எழுதச் சொல்லுங்கள். மூவரும் அலுவல் கடிதங்களை அந்த முகவரியிலிருந்தே அனுப்பட்டும். அஞ்சல் செயலியில் இரண்டாவது அடையாளமாக அதைச் சேர்ப்பது எளிது. அனுப்புநர் அட்டவணையிலும் பெறுநர் அட்டவணையிலும் இந்த மூன்று முகவரிகள் மட்டும் இருக்கட்டும். ஊழியரின் சொந்தப் பெயரில் உள்ள முகவரிக்கு நகல் வேண்டாம். எம்.சி.யும் முன்பணக் கடிதமும் அந்தச் சொந்தப் பெயர் முகவரிக்கே போகும்.

பிறர் அந்த வேலை முகவரியைப் போட்டு அனுப்பாமலிருக்க, எந்தப் பயனர் எந்த முகவரியில் அனுப்பலாம் என்பதை எஸ்எம்டிபிடி_சென்டர்_லாகின்_மேப்ஸ் அமைப்பில் எழுதி, பொருந்தாததை மறுக்கும்படி கட்டுப்பாடு போடலாம். எடை முகவரியிலிருந்து போன கடிதம் எடைப் பாலத்திலிருந்துதான் போனது என்று நாளை தகராறு வரும்போது சொல்ல அது உதவும்.

ஜூலை 16

பொதுப் பெட்டியில் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கின்றன, எது எந்த மேசை என்று தெரியவில்லை என்ற புகாருக்கு: நகல் முகவரியிலேயே பிரிவைச் சேர்த்துவிடுங்கள். ரெசிபியன்ட்_டிலிமிட்டர் அமைப்புக்குக் கூட்டல் குறியைக் கொடுத்து, அட்டவணையின் வலப்பக்கத்தில் பொதுப் பெட்டியின் பெயர், கூட்டல் குறி, மேசைப் பெயர் என்று எழுதினால், டோவ்காட்டின் எல்எம்டிபி சேவை (LMTP; முன்பு சொன்ன LMDB அட்டவணை வகை அன்று) அந்த மேசைப் பெயருள்ள கோப்புறையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்கு எல்எம்டிபி_சேவ்_டு_டீடெய்ல்_மெயில்பாக்ஸ், எல்டிஏ_மெயில்பாக்ஸ்_ஆட்டோகிரியேட் இரண்டையும் இயக்க வேண்டும். மேசைகளுக்கிடையே போகும் கடிதம் இப்போது இரண்டு கோப்புறைகளிலும் ஒவ்வொன்று விழும், ஏனெனில் நகல் முகவரிகள் வெவ்வேறாகிவிட்டன. ஜூலை 9 இல் ஒரே நகல்தான் வரும் என்று எழுதியது ஒரே நகல் முகவரி இருக்கும் நிலைக்குப் பொருந்தும். கோப்பு முறைக்கு இப்படி இரண்டிலும் இருப்பதே சரி என்று எனக்குப் படுகிறது.

ஜூலை 17

பெட்டியை யார் திறப்பது? ஒரே கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுத்து, அதைத் திரையின் ஓரத்தில் ஒட்டி வைப்பதுதான் நான் அதிகம் காணும் காட்சி. வேண்டாம். டோவ்காட்டில் அணுகல் உரிமைகளை வகுக்கும் ஏசிஎல் செருகுநிரலை இயக்கி, பிறர் பெட்டியைக் காட்டும் பகிர்வுப் பெயர்வெளி ஒன்றை அமைத்தால், ஒவ்வொருவரும் தம் கடவுச்சொல்லோடு தம் பெட்டிக்குள் நுழைந்து, பக்கத்திலேயே பொதுப் பெட்டியின் கோப்புறைகளையும் காணலாம். யாருக்கு எந்தக் கோப்புறை என்பதை டோவ்அட்மின் கட்டளையால் தனித்தனியாக வகுக்கலாம். எடைப் பாலத்தில் மாற்று ஆளாக நிற்பவருக்கு எடைக் கோப்புறை மட்டும் போதும். பட்டியலில் பார்க்கும் உரிமையும் படிக்கும் உரிமையும் கொடுங்கள். அழிக்கும் உரிமையை எவருக்கும் கொடுக்காதீர்கள், நிர்வாகிக்கும்கூட. அழிக்கக்கூடிய நகல் பின்னால் ஆதாரமாக நிற்காது.

உபுண்டு 24.04 இல் வருவது டோவ்காட் 2.3. இந்த ஆண்டு வெளிவந்த 2.4 இல் அமைப்புக் கோப்பு எழுதும் முறையே மாறியிருக்கிறது. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவதற்கு முன் அது எந்தப் பதிப்புக்கானது என்று பாருங்கள்.

ஜூலை 19

மூன்று பேர் மூன்று மாற்று வழிகளைச் சொல்லியிருக்கிறார்கள்.

பெட்டிக்கு வரும் அஞ்சலைப் பிரிக்க எழுதும் சீவ் விதிகளில் ரீடைரக்ட் கட்டளையோடு காப்பி என்ற குறிச்சொல்லைச் சேர்த்தால் அசலை வைத்துக்கொண்டு நகலை அனுப்பலாம் என்பது முதல் வழி. உண்மைதான், ஆர்எஃப்சி 3894 என்ற இணையத் தர ஆவணம் அதற்காகவே எழுதப்பட்டது. ஆனால் சீவ், பெட்டியில் வந்து சேரும் அஞ்சலைத்தான் பார்க்கும். அனுப்பப்படும் அஞ்சல் அதன் வழியாகப் போவதில்லை. மேலும் பயனர் தம் விதியைத் தாமே திருத்த முடிந்தால், நகல் விதியையும் அவரே எடுத்துவிடலாம். வருவதற்கு மட்டும் நகல் போதும் என்பவர்கள், பயனரின் விதிக்கு முன் ஓடும் பொது விதியாக, சீவ்_பிஃபோர் வழியாக அதை வைக்கலாம்.

இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் 365 க்கு மாறிவிடுங்கள் என்பது. மாறுகிறவர்கள் மாறட்டும். அங்கே அஞ்சல் ஓட்ட விதி ஒன்றில் பிசிசி சேர்த்தால் இதே வேலை முடியும். பகிர்வுப் பெட்டி 50 ஜிபி வரை தனி உரிமம் இல்லாமல் கிடைக்கும். அஞ்சல்களைப் பதிவுக்காக நகலெடுக்கும் ஜர்னலிங் என்ற முறையும் உண்டு, ஆனால் அதன் நகல்களைச் சேர்க்கும் பெட்டியாக எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பெட்டியையே வைக்க முடியாது. வெளியே ஒன்று வேண்டும். நான் 12 ஆம் தேதி எழுதியது அங்கேயும் அப்படியே பொருந்தும்.

மூன்றாவது, நகல்களை ஓர் இலவச ஜிமெயில் பெட்டிக்கு அனுப்புவது. இதற்கு நான் உறுதியாக மறுப்புச் சொல்கிறேன். வந்த அஞ்சலை வெளியே திருப்பி அனுப்பும்போது அசல் அனுப்புநரின் எஸ்பிஎஃப் பதிவில் (அவர் பெயரில் அனுப்பலாம் என்ற சேவையகங்களின் பட்டியல்) உங்கள் சேவையகம் இல்லாததால் அந்தச் சோதனையில் அது தோற்கும். குப்பை அஞ்சலின் நகலும் சேர்ந்து போவதால், குப்பை அனுப்புகிற சேவையகம் என்ற பெயர் உங்களுக்கு வரும். பிறகு ஆலைக்கு அனுப்பும் நல்ல கடிதங்களும் குப்பைப் பெட்டியில் விழும். தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்கள் நாட்டுக்கு வெளியே உள்ள ஒரு தனிக் கணக்கில் போய்க் குவிவது இதைவிடப் பெரிய கவலை. அந்தக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும்? அவர் வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும்? கடந்த ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்பது நடப்பில் இருக்கிறது. கசிந்ததே தெரியாத இடத்தில் தரவைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எதை அறிவிப்பது?

ஜூலை 22

இடி மின்னலில் இணைப்பு போய்விட்டால் நகல் என்ன ஆகும் என்று கேட்டவருக்கு. பேராக்கில் பிற்பகல் மழைக்கு இது தேவையான கேள்விதான். பொதுப் பெட்டி அதே சேவையகத்தில் இருந்தால் இணைப்பு போவதால் நகலுக்கு ஒன்றும் ஆகாது. ஈப்போவில் உள்ள தலைமை அலுவலகச் சேவையகத்துக்கு நகல் போகிறது என்றால், அது வரிசையில் காத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பில் 5 நாள் வரை. அதற்குள்ளும் போகாவிட்டால் நகல் கைவிடப்படும். போஸ்ட்ஃபிக்ஸ் 2.3 முதல் நகல் திரும்பினால் அசல் அனுப்புநருக்கு அறிவிப்புப் போகாது. உரக்கடைக்காரருக்கு "உங்கள் அஞ்சல் போய்ச் சேரவில்லை" என்ற குழப்பமான கடிதம் வராது என்பதால் அது நல்லது. ஆனால் நகல் தொலைந்தது உங்களுக்கும் தெரியாது. போஸ்ட்க்யூ கட்டளையை அடிக்கடி ஓட்டி வரிசையைப் பாருங்கள்.

இன்னொன்று, பெட்டியின் அளவு. எம்பாக்ஸ் முறையில் பெட்டி முழுவதும் ஒரே கோப்பாக இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸே உள்ளூரில் சேர்ப்பதாக இருந்தால் மெயில்பாக்ஸ்_சைஸ்_லிமிட் இயல்பில் 51,200,000 பைட்டு. மூன்று மேசைகளின் இணைப்புக் கோப்புகள் சேர்ந்தால் அது விரைவில் நிரம்பும், நிரம்பியதும் நகல் சேர்வது நின்றுவிடும். மெயில்டிர் முறையில் ஒவ்வோர் அஞ்சலும் தனிக் கோப்பு. அந்த வரம்பு ஒரு கோப்புக்கு மட்டும் பொருந்தும். பொதுப் பெட்டிக்கு மெயில்டிரையே வையுங்கள். அந்தப் பெட்டியில் விடுப்புத் தானியங்கிப் பதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஜூலை 24

எத்தனை காலம் வைத்திருப்பது என்பதில் எனக்கு இரு மனம் இருந்தது. கணக்குப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2016 ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 245 ஆம் பிரிவு. வருமான வரிக்கும் 7 ஆண்டுதான். சட்டம் 709 இன் 10 ஆம் பிரிவோ, தேவை முடிந்தபின் தனிநபர் தரவை வைத்திருக்கக் கூடாது என்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் நிறைவேற்ற முடியாது. கோப்புறைகளைப் பிரித்தது இங்கே கைகொடுக்கிறது: கணக்குக் கோப்புறையை 7 ஆண்டுக்கு வைக்கலாம், எடைக் கோப்புறையில் ஆலையோடு கணக்கு முடித்த பிறகு பழையவற்றை நீக்கலாம். டோவ்அட்மினின் பழைய அஞ்சலை நீக்கும் எக்ஸ்பஞ்ச் கட்டளையைத் தேதி வரம்போடு, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் வைத்தால் அது தானாக நடக்கும்.

எடைச் சீட்டுகளைப் பற்றி ஒரு கவலையும் இருக்கிறது. லாரி ஓட்டுநர்கள் இப்போது சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். சேவையகத்தின் வழியாகப் போகாத எதற்கும் நகல் இல்லை. கைப்பேசியில் வேறு நிறுவனத்தின் அனுப்பு சேவையகத்தை அமைத்துக்கொண்டவரின் கடிதமும் அப்படியே. பொதுப் பெட்டி இருப்பதால் எல்லாம் பதிவாகிவிட்டது என்று நிர்வாகி நம்பிவிடக் கூடாது. இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஜூலை 29

கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். நிர்வாகி வேலை முகவரிகளுக்கு ஒப்புக்கொண்டாராம். அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி மூவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார். தமிழிலும் ஒரு பிரதி எழுதி, காலைப் பெரட்டு (வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் எடுப்பது) முடிந்ததும் அதை வாசித்துக் காட்டினாராம். எடைப் பாலத்தில் இருக்கிறவர், "நான் லீவில் போனால் இனி எனக்குப் போன் வராதுதானே?" என்று கேட்டு மகிழ்ந்ததாக எழுதியிருப்பதைப் படித்து எனக்கும் மகிழ்ச்சி.

அவர் கடைசியாகக் கேட்டிருப்பது: இனி ஆள் மாறினால் எதையெல்லாம் மாற்ற வேண்டும்? நகல் அட்டவணைகளில் ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை. வேலை முகவரி யார் பெட்டிக்குப் போகிறது என்ற மாற்றுப்பெயர் வரி, யார் அதிலிருந்து அனுப்பலாம் என்ற லாகின் அட்டவணை வரி, டோவ்காட்டில் அவருடைய கோப்புறை உரிமை ஆகிய மூன்றையும் மாற்றுங்கள். அட்டவணைகளைத் திருத்தியபின் போஸ்ட்மேப் ஓட்ட மறக்காதீர்கள். உரைக்கோப்பைத் திருத்துவதால் மட்டும் போஸ்ட்ஃபிக்ஸுக்கு எதுவும் தெரியாது. புதிதாக வருபவரிடம் அறிவிப்பில் கையெழுத்து வாங்கிய பிறகே இதைச் செய்யுங்கள்.